பச்சைச் சாயக் குருவி

கூண்டுக் கிண்ணத்தின் பழைய தண்ணீரைக் கொட்டுவதற்கு முன், லாண்டரிக்காரம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். இன்று பச்சை இல்லை. கழுவிப் புதுத் தண்ணீர் வைத்ததும் குருவி இறங்கி வந்து தலையை முக்கிச் சிலிர்க்கிறது. தெறித்தது அவர் முகத்தில். "அடி கழுதை!" என்கிறார், துடைத்துக்கொள்வதில்லை.

எந்தத் துணியையும் அவர் சும்மா வாங்கிப் போடமாட்டார். ஈரக் கட்டைவிரலால் உள்மடிப்பைத் தேய்ப்பார். நிறம் ஒட்டினால், "இது சாயம் போகும். அப்புறம் வந்து குதிக்கக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்." கல்யாணச் சட்டையானாலும் இதே பேச்சுதான்.

வெளுத்த துணிகளைச் சைக்கிளில் வீடு வீடாகச் சேர்க்கும் கணவர், ஒருநாள் 'வெளிநாட்டுக் குருவி' என்று இதை வாங்கி வந்தார். நல்ல கிளிப்பச்சை. லாண்டரிக்காரம்மா அதன் முதுகிலும் அந்த ஈர விரலை வைத்தார். விரல் பச்சையானது. கடைக்குப் பின்னால், காலி மனையின் இடுப்பளவுப் புல்லில் விதை கொத்தித் திரியும் தவிட்டு நிறச் சில்லைக் குருவிதான் அது. சாயத்தில் முக்கி, பறக்காதிருக்க இறக்கையையும் கத்தரித்திருந்தார்கள்.

"உங்க தலையில நல்லா மிளகா அரைச்சுட்டான்!" என்று வாய்விட்டுச் சிரித்தவர், அன்றே முடிவு செய்துவிட்டார்: இறகு வளர்ந்ததும் அதன் கூட்டத்தோடு விட்டுவிட வேண்டும். மாதக்கணக்கில் தினை போட்டார். பூனை எட்டிப் பார்த்தால் துடைப்பத்தோடு ஓடினார்.

கணவரோ அதற்குள் தன் அக்காவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். அந்த அக்கா இன்று வந்து எடுத்துப் போகிறாராம்.

"சாயம் போனா என்னடி, குருவிதானே? ஆசைப்பட்டுக் கேட்டுட்டா."

"அண்ணிக்கு ஒரு பொம்மை வாங்கிக் குடுங்க. தினையும் மிச்சம்."

"விளையாடாத. பஸ் ஏறிட்டா."

"வரட்டும். காபி போட்டுத் தரேன்."

கூண்டுக்குள் படபடவென்று சத்தம். இத்தனை நாளும் கம்பியைப் பற்றித் தொற்றி ஏறிய குருவி, அடித்தட்டிலிருந்து மேல்குச்சிக்கு ஒரே வீச்சில் பறந்து உட்கார்ந்திருந்தது. இருவருமே பார்த்தார்கள்.

அம்மா இஸ்திரிப் பெட்டியை அணைத்தார். கூண்டைக் கொக்கியிலிருந்து கழற்றினார்.

"அக்கா வந்து கேட்டா நான் என்னடி சொல்றது?"

அவர் பின்கதவை முழங்கையால் தள்ளித் திறந்துகொண்டு புல்வெளிப் பக்கம் போனார்.