காய்ந்த பிறகு தெரியும் நிறம்

ரேஷன் கடை இயந்திரம் சந்திரம்மாளின் விரலை ஏற்பதில்லை. எந்த விரலை வைத்தாலும் சிவப்பு விளக்குதான்.

"ரேகையே இல்லியே, விரலுக்கு இஸ்திரி போட்டுட்டியாம்மா?" என்பார் கடைக்காரர்.

"கண்ணு இருக்குதில்ல, அதப் புடிங்க" என்று முகத்தை நீட்டுவாள். கருவிழியைக் காட்டித்தான் அவளுக்கு அரிசி.

இருபது வருடம் சுவர் தேய்த்தவளுக்கு ரேகை எங்கே மிஞ்சும்? பெயிண்ட் அடிக்கும் முன் சுவருக்குப் பட்டி பூசி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். அந்தத் தேய்ப்புதான் அவள் வேலை. கீழ்பென்னாத்தூரிலிருந்து காலை ஏழு மணி பஸ், திருவண்ணாமலையில் ஏதாவது ஒரு லாட்ஜ், மாலைவரை வெள்ளைத் தூசி. மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் கட்டிக்கொள்வாள். கட்டாமல் இருமுகிறவர்களைத் திட்டுவாள். உள்ளங்கையை வைத்தே சுவரில் எங்கே மேடு, எங்கே பள்ளம், எங்கே உள்ஈரம் என்று சொல்லிவிடுவாள். பிரஷ் மட்டும் அவள் கைக்கு வராது.

"பொம்பளைங்க தேய்க்கிறது, ஆம்பளைங்க அடிக்கிறது. இது நான் வெச்ச சட்டம் இல்லம்மா" என்பார் மேஸ்திரி கோதண்டராமன்.

"பின்ன யாரு, கலெக்டர் வெச்சாரா?"

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல."

அவளுக்கு வேண்டியது அந்த பிரஷ்தான்.

போன வருடம் ரமணாசிரமம் பக்கம் ஒரு வீட்டு மாடியில் சுவர் தேய்க்கப் போனாள். ஓவியம் கற்றுத்தரும் நூரைன் அந்த மாடியை வாடகைக்கு எடுத்திருந்தாள். முப்பது வயதுப் பெண். ஊரில் பல தலைமுறையாக இரும்புக்கடை வைத்திருக்கும் குடும்பம். ஞாயிறுதோறும் வகுப்பு, ஒரு வருடப் பயிற்சி, உள்ளூர்க்காரர் ஒருவருக்குக் கட்டணமில்லை என்று கதவில் ஒட்டியிருந்தது. சந்திரம்மாள் அதை இரண்டு தடவை படித்தாள்.

"எனக்கு நாப்பத்தேழு வயசு மேடம். சேத்துப்பீங்களா?"

"வயசு பரவால்லக்கா. வருஷம் முழுக்க வரணும். பாதியில நின்னுட்றவங்கதான் ஜாஸ்தி."

"பத்தொம்போது வருஷமா ஒரே வேலையில நிக்கிறேன். நான் எங்க போவப்போறேன்?"

முதல் மாதமே மானம் போனது. எல்லோரும் வாட்டர் கலரில் மலையை வரைந்துகொண்டிருந்தார்கள். சந்திரம்மாள் வானத்துக்கு நீலம் பூசினாள். காய்ந்ததும், அடுத்த பூச்சுக்குப் பிடிமானம் வேண்டுமே என்று பையிலிருந்த உப்புத்தாளை எடுத்து நாலு இழுப்பு இழுத்தாள். மலை உச்சிக்கு மேலே காகிதம் பொத்தலானது.

"ஐயோ அக்கா! அது செவுரு இல்ல, பேப்பரு!"

பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் சிரித்த சிரிப்பில் அவருடைய தண்ணீர்க் குவளை கவிழ்ந்து, அவர் மலையும் கரைந்தது. சந்திரம்மாள் அழவில்லை. அடுத்த ஞாயிறு உப்புத்தாளை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தாள், அவ்வளவுதான்.

நூரைன் எல்லோருக்கும் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வாள்: "ஈரத்துல பாத்து ஏமாறாதீங்க. காயட்டும், அப்புறம் பேசலாம்." வாட்டர் கலர் காய்ந்தால் வெளிறும். அக்ரிலிக் காய்ந்தால் ஒரு படி கறுக்கும்.

"எங்க செவுத்து எமல்ஷனும் இப்படித்தான் கறுக்கும் மேடம்" என்றாள் சந்திரம்மாள்.

"அதுக்கு அக்ரிலிக் தங்கச்சிக்கா."

அன்றிலிருந்து பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளைப் பட்டையாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு கலவையைப் பூசிக் காயவைத்து, எதில் எத்தனை சொட்டு என்று பின்னால் எழுதிவைத்தாள். நிறத்தைக் குறைக்க வெள்ளை ஊற்றினால் நிறம் குளிர்ந்துபோகும், துளி மஞ்சள் காவி விட்டால்தான் சூடு திரும்பும் என்பதெல்லாம் அப்படிப் பிடிபட்டது. அட்டைகள் ஒரு முறுக்கு டப்பாவை நிறைத்தன. பௌர்ணமி ஞாயிறுகளில் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். வரைபலகையைத் தலையில் வைத்துக்கொண்டு கிரிவலக் கூட்டத்தினூடே நடந்தே வருவாள். அந்த வருடத்தில் அவள் விட்டது ஒரே வகுப்பு, மகள் சினேகாவின் பிரசவத்தன்று. அதையும் மறுநாள் மாலை வந்து கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

அவள் வரைந்த மலை மலை மாதிரி இருக்கும். அதற்கு மேல் புகழ ஒன்றுமில்லை. நிறம் மட்டும் தப்பாது.

பயிற்சி முடிய இரண்டு வாரம் இருந்தபோது செங்கம் சாலை லாட்ஜ் ஒன்றில் வேலை வந்தது. மாடிப்படியை ஒட்டிய மூன்று மாடி உயரச் சுவரில் குழாய்க்காக உடைத்த இடத்தைப் பூசியிருந்தார்கள். மேஸ்திரி பழைய ஷேடு நம்பர் பெயிண்ட் டப்பாவையே வாங்கி அடித்தார். வருடக்கணக்கில் வெயில் பட்ட சுவரில் புது நிறம் தேமல் போலத் தெரிந்தது. வெள்ளை கலந்து மறுபடி அடித்தார். ஈரத்தில் சரியாக இருந்தது. காய்ந்ததும் பிளாஸ்திரி ஒட்டியது போல ஆனது. முழுச் சுவரையும் அடிக்கச் சாரம் கட்ட வேண்டும். மறுநாள் பௌர்ணமி, அறைகள் எல்லாம் நிரம்பப்போகின்றன.

"எங்கிட்ட குடுங்க மேஸ்திரி."

"படம் போட்டா செவுரு அடிக்கத் தெரிஞ்சிடுமா?"

"தெரியலன்னா மறுபடியும் தேச்சுத் தர்றேன். அதாச்சும் எனக்குத் தெரியுமில்ல?"

கெடுத்துவிட்டால் இந்த ஜென்மத்துக்கு பிரஷ் கிடையாது. அது அவளுக்கும் தெரியும். மேஸ்திரி வேறு வழியில்லாமல் நகர்ந்து நின்றார்.

சந்திரம்மாள் முதலில் ஒட்டின் விளிம்பைத் தேய்த்து இறக்கினாள். பையிலிருந்த முறுக்கு டப்பாவில் பழைய கணக்கைப் பார்த்து ஒரு டம்ளரில் கலந்து, அட்டையில் பூசி, வரவேற்பறை மின்விசிறியின் கீழ் காயவைத்துச் சுவரில் வைத்துப் பார்த்தாள். நீலம் தட்டியது. காவி விட்டாள். மேஸ்திரி இரண்டு டீ குடித்துவிட்டு வந்தார். ஏழாவது அட்டையைச் சுவரில் வைத்தபோது அது காணாமல் போனது. விளிம்பைக் கையால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அந்தக் கணக்கிலேயே வாளியில் கலந்து, நடுவிலிருந்து வெளியே, பிரஷ் வறண்டுபோகும்வரை இழுத்து இழுத்து அடித்தாள்.

மூன்று மணிக்கு லாட்ஜ் மேலாளர் புகழேந்தி வந்தார். சுவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒட்டு எங்க? எந்த எடத்துல அடிச்சீங்கன்னு காட்டுங்க."

மேஸ்திரி ஒட்டின் விளிம்பை விரலால் சுற்றிக் காட்டினார். மேலாளர் போனபிறகு நாலங்குல பிரஷைக் கழுவி, உதறி, சந்திரம்மாளிடமே திரும்ப நீட்டினார்.

"மேல ரெண்டாவது மாடியில இன்னொரு ஒட்டு இருக்குது. நாளைக்கு அந்த முறுக்கு டப்பாவையும் எடுத்துக்கினு வா."

"அப்போ தேய்க்கிறது யாரு?"

கேட்டுக்கொண்டே சந்திரம்மாள் தன் பையிலிருந்து உப்புத்தாளையும் ஒரு ஈரத்துணியையும் எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"மூக்கக் கட்டிக்கினு தேய்ங்க மேஸ்திரி. தூசி உள்ள போனா ராத்திரியெல்லாம் இருமுவீங்க."