அக்காவின் தூக்கத்துக்கு ஒரு ரேடியேட்டர்

என் அக்கா எந்த இடத்திலும் தூங்கிவிடுவாள். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடி தூங்குவாள். பல் துலக்கிக்கொண்டே தூங்குவாள். ஒருமுறை என் பட்டறைக்கு வந்தவள், நான் டீ வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் பழைய டயர் மேல் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். அவளால் தூங்க முடியாத ஒரே இடம் அவளுடைய சொந்தக் கட்டில். அதற்குக் காரணம் என் மாமா, அதாவது அவள் புருஷன். இன்னும் சரியாகச் சொன்னால், மாமாவின் கம்ப்யூட்டர்.

அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். எப்போதும் நைட் டியூட்டி. காலையில் வீட்டுக்கு வந்து, குளித்து, இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் படுப்பாள். மாமா கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுக்கிறவர். வீடுதான் அவருக்கு ஆபீஸ். அவள் படுக்கிற நேரமும் அவர் வேலையைத் தொடங்குகிற நேரமும் ஒன்று. இருப்பதோ ஒரே படுக்கையறை, கம்ப்யூட்டர் மேஜையோ கட்டிலின் தலைமாட்டில். வெட்டியதையெல்லாம் கடைசியில் ஒன்றாகச் சேர்க்கும்போது பெட்டி கொதித்துப்போய், உள்ளே இருக்கும் ஃபேன்கள் அத்தனையும் ஒரே குரலில் அலறும். மாவு மில்லுக்குள் பாய் விரித்துப் படுத்த மாதிரி இருக்கும். மாமாவுக்கு அது உறைக்காது. காதில் பெரிய ஹெட்போன் மாட்டியிருப்பார். யாராவது கூப்பிட்டால் அதைக் கழற்றாமலே, ஃபேன் சத்தத்துக்கு மேல் தொண்டை கிழியப் பேசுவார்.

"ஹால்ல கொண்டுபோய் வைங்களேன்" என்று அக்கா கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள்.

"ஹால்ல தூசி. மெஷின் வீணாப் போயிடும்."

அந்த ஹாலை தினமும் பெருக்கித் துடைக்கிறவளிடமே இதைச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

பிறகுதான் அவருக்குத் தண்ணீர் ஞானம் பிறந்தது. ஒரு நாள் மத்தியானம் என் பட்டறைக்கு வந்து, நான் பற்றவைத்துக்கொண்டிருந்த ரேடியேட்டரை அருமையாகத் தடவிப் பார்த்தார். நான் ரேடியேட்டர் ரிப்பேர் செய்கிறவன். பத்து வருஷமாக என் தொழிலை ஏறெடுத்தும் பார்க்காத மனிதர் அவர்.

"மாப்ள, கம்ப்யூட்டருக்குள்ள தண்ணி ஓட விடப் போறேன்."

"குடிச்சிருக்கீங்களா மாமா?"

"கார்ல இருக்கிற அதே கதைதான்டா. சூடாகிற இடத்து மேல ஒரு செம்புக் கட்டி. அதுக்குள்ள தண்ணி போகும். பம்ப் தள்ளும், ரேடியேட்டர்ல ஆறும், திரும்பி வரும். ரெண்டு பெரிய ஃபேன் சும்மா மெதுவாச் சுத்தினா போதும். உங்கக்கா செத்த பொணம் மாதிரி தூங்குவா."

சொன்ன விதம் நாராசமாக இருந்தாலும் விஷயம் நன்றாகத்தான் இருந்தது. கடையில் எல்லாம் சேர்த்துப் பெட்டியாகவே விற்கிறார்களாம். விலையைக் கேட்டால் ஒரு பழைய பைக்கே வாங்கிவிடலாம். அதனால் ஒவ்வொன்றாக, மலிவாக, அவரே சேர்த்துக் கட்டப்போகிறார். முதல் தடவை என்பதால் அவசரப்படக்கூடாதாம்.

அவசரப்படவே இல்லை. மாதக்கணக்கில் திட்டம் போட்டார். குறை சொல்லக்கூடாது, திட்டம் நல்ல திட்டம். புது ரேடியேட்டர் வேண்டாம், உடைத்துப்போட்ட பழைய காரில் இருக்கும் சின்ன ஹீட்டர் ரேடியேட்டர் போதும் என்றார். நான் அலுமினியத்தில் ஒன்று எடுத்துக் கொடுத்தபோது பாம்பைக் கண்டவர் மாதிரி கையை இழுத்துக்கொண்டார். செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் இருந்தால் அலுமினியம் அரித்துப்போகும், செம்புதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். பழைய இரும்புக் கடைகளில் அலைந்து செம்பில் ஒன்று பிடித்தேன். உள்ளே இருந்த துரு நிறத் தண்ணீர் தெளியும்வரை கழுவி, குழாய் மாட்ட அவர் சொன்ன அளவுக்கு இரண்டு மூக்குகளைப் பற்றவைத்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. அக்காவுக்காகச் செய்கிற வேலைக்குக் காசா?

குழாய் எப்படி ஓட வேண்டும் என்று ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் படம் போட்டு எங்களுக்குக் காட்டினார். பெட்டி, பம்ப், குழாய் எல்லாம் இருந்தது. ஓரத்தில் ஒரு கட்டிலும் வரைந்திருந்தார். அதில் தலைமுடியோடு ஒரு சின்ன உருவம் படுத்திருந்தது. அக்கா அதைப் பார்த்துச் சிரித்தாள், கண்ணும் கலங்கினாள். நானும் மனசு இளகித்தான் போனேன். இவரைப் போய் இவ்வளவு நாள் திட்டிக்கொண்டிருந்தோமே என்று இருந்தது.

செலவு அக்காவுடையது. மாமாவுக்கு வரும் காசு வாடகைக்கே முக்கும். அதனால் அவள் வார லீவு நாட்களிலும் கூடுதலாக நைட் டியூட்டி போட்டாள். செம்புக் கட்டி வந்தது, குழாய் வந்தது. அவள் முகம் மட்டும் நாளுக்கு நாள் காய்ந்துகொண்டே வந்தது. தூங்குவதற்காகத் தூக்கத்தை விற்கிறாளே என்று எனக்கு வயிறு எரிந்தது. "இன்னும் கொஞ்ச நாள்தான்டா" என்பாள்.

அந்தக் கொஞ்ச நாளில்தான் அது நடந்தது. ஒரு பெரியவருக்குப் போட வேண்டிய ஊசியும் பக்கத்துக் கட்டில் ஆளுக்குப் போட வேண்டிய ஊசியும் அவள் கையில் மாறிவிட்டன. ஊசி பெரியவர் கையைத் தொடுவதற்கு முன் தலைமை நர்ஸ் பார்த்துத் தட்டிவிட்டார். எழுதி வாங்கிக்கொண்டு, இன்னொரு தடவை இப்படி ஆனால் வேலை கிடையாது என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து விக்கி விக்கி அழுதாள். மாமா அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். நான் என் கண்ணால் பார்த்தேன்.

"பம்ப் மட்டும்தான் பாக்கிம்மா. அது வந்துட்டா முடிஞ்சது" என்றார்.

பம்ப்புக்காக அவள் இன்னும் சில லீவுகளை விட்டுக்கொடுத்தாள்.

கட்டிய அன்று நானும் போயிருந்தேன். மாமா அவசரப்படாமல், பம்ப்பை மட்டும் தனியாக ஓடவிட்டு, ஒவ்வொரு மூட்டுக்கும் கீழே டிஷ்யூ பேப்பர் வைத்தார். பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீர்தான் உள்ளே ஓடியது. மறுநாளும் காகிதம் காய்ந்தே கிடந்தது. அதற்குப் பிறகே கம்ப்யூட்டரைப் போட்டார். ஒரு முழுக் கல்யாணத்தைச் சேர்க்கக் கொடுத்தார். காதை வைத்துக் கேட்டால்தான் ஓடுவது தெரிந்தது. நான் பற்றவைத்த மூக்குகளில் ஒரு சொட்டு இல்லை. பெருமையில் எனக்குச் சட்டை பட்டன் தெறித்திருக்கும்.

அக்கா தூங்கினாள். காலையில் படுத்தால் சாயங்காலம்தான் எழுந்தாள். கண்ணைச் சுற்றி இருந்த கருப்பு வெளுத்தது. போனில் பேசும்போது பழையபடி என்னைக் கிண்டல் செய்தாள்.

பிறகு ஒரு நாள், உச்சி வெயிலில், வீட்டு உடுப்போடு பட்டறைக்கு வந்து நின்றாள். தூங்கிக்கொண்டிருக்க வேண்டிய நேரம். முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னக்கா, தண்ணி ஒழுகிடுச்சா?"

"இல்லடா. எல்லாம் நல்லா ஓடுது." டயர் மேல் உட்கார்ந்தாள். அப்புறம் சொன்னாள்.

மாமாவுக்கு ஒரு சிநேகிதன் உண்டு. கண்ணாடி தடிமனாக இருப்பதால் சோடாபுட்டி என்று பெயர். அவனுக்கும் இதே மாதிரி ஒன்று கட்ட ஆசை. அவனோடுதான் மாமா பேசிக்கொண்டிருந்திருக்கிறார். காதில் ஹெட்போன். பல வருஷம் ஃபேனோடு போட்டி போட்டுக் கத்திய தொண்டை, ஃபேன் அடங்கிய பிறகும் அடங்கவில்லை. அமைதியான அறையில் அவர் பேச்சு அக்காவை உலுக்கி எழுப்பிவிட்டது. அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"உன் வீட்டுக்காரிகிட்ட கம்ப்யூட்டருக்குன்னு கேக்காதடா. ஒரு ஸ்க்ரூகூட வராது. அவ தூக்கத்துக்குன்னு சொல்லு, தானா வரும்" என்றாராம்.

சோடாபுட்டி ஏதோ கேட்டிருக்கிறான். மாமா சிரித்தாராம்.

"சத்தம் சும்மா வருமா? நான்தான் ஃபேன் எல்லாத்தையும் ஃபுல்லா வெச்சிருந்தேன். செட்டிங்ஸ்ல கொஞ்சம் குறைச்சிருந்தா பாதிச் சத்தம் அன்னைக்கே போயிருக்கும். குறைச்சிருந்தா பம்ப் யாருடா வாங்கித் தருவா?"

என் கையில் சுத்தியல் இருந்தது. அப்படியே கிளம்பினேன். அந்த ரேடியேட்டரைப் பிய்த்து அவர் தலையிலேயே கவிழ்க்க வேண்டும் போல் இருந்தது. இவ்வளவு நாளும் அக்கா தலையில் மட்டுமல்ல, என் தலையிலும் சேர்த்து மிளகாய் அரைத்திருக்கிறார்.

"உக்காரு" என்றாள் அக்கா. "போய்க் கேட்டா, வெளையாட்டுக்குச் சொன்னேன்னு சொல்வார். அதையும் நான் நின்னு கேக்கணுமா? சண்டை போட மாட்டேன்னு சொல்லு."

"அவ்ளோதானா? சும்மா விட்டுடுவியா?"

"அந்தப் பெரியவர் கையில ஊசி ஏறியிருந்தா நான் இப்ப எங்கடா இருந்திருப்பேன்? அதைத்தான் யோசிச்சுக்கிட்டே இருக்கேன். வேற எதுவும் தோணல."

அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. நான் வாங்கி வந்த டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனாள்.

சில நாள் கழித்து மாமா வந்தார். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உங்கக்காவுக்கு என்னாச்சு மாப்ள? படுக்கும்போது ஃபேனை எல்லாம் ஃபுல்லா வைங்கன்னு சொல்றா. சத்தம் இருந்தாதான் தூக்கம் வருமாம். இதுக்கா நான் இவ்ளோ பாடுபட்டு இந்த மெஷினைக் கட்டினேன்? எனக்கு ஒண்ணுமே புரியல."

சண்டை போட மாட்டேன் என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன். அதனால் குரலை உயர்த்தாமல் சொன்னேன்.

"சத்தம் இல்லாட்டி நீங்க பேசறது அவளுக்குக் கேக்குது மாமா. சோடாபுட்டிகிட்டப் பேசினது கேட்டுச்சு."

அவர் முகம் வெளிறியது. ஐயோ என்பார், தப்புப் பண்ணிட்டேன் என்பார், எழுந்து வீட்டுக்கு ஓடுவார் என்று பார்த்தேன். அவர் ஸ்டூலை விட்டு எழவில்லை. வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அவ காதுல எதுவரைக்கும் விழுந்துச்சு?"

"பம்ப் வரைக்கும்" என்றேன்.