பாவாயி அக்கா உரித்துக் காட்டிய கதிர்

பாவாயி அக்கா இறந்த செய்தி வந்தபோது, நாமக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தில் எங்கள் உழவர் மன்றத்தின் வேளாண் கண்காட்சிக்குத் திரை கட்டிக்கொண்டிருந்தேன். தலைவரிடம் சொன்னேன். “திறப்பு விழா முடியட்டுமுங்க. அப்புறம் ஒரு நிமிசம் எந்திரிச்சு நின்னுக்கலாம்” என்றார். நின்றோம். யாருக்காக நிற்கிறோம் என்று பாதிப் பேர் பக்கத்து ஆளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மன்றம் தொடங்கிய காலத்திலிருந்து வயல்விழாவுக்குத் தன் காட்டைக் கொடுத்தவர் அக்கா. இராசிபுரத்துக்குத் தெற்கே மூன்று ஏக்கர் மேட்டு நிலம். மேடை போட விடமாட்டார். வந்தவர்களை வரப்பில் நடக்கவைத்து, செடியைப் பிடுங்கி வேரைக் கையில் கொடுப்பார். “வெளைஞ்சத மட்டும் பாக்கோணும்னா சந்தைக்குப் போனாப் போதுமுங்க. இங்க வாரது வெளையாததப் பாக்கத்தான்” என்பார்.

ஒரு வருடம் விழாச் செலவை ஒரு விதை நிறுவனம் ஏற்றது. அவர்கள் கொடுத்த மக்காச்சோளம் அக்காவின் காட்டில் ஆளுயரம் வளர்ந்தது. கதிரில் மணி பிடிக்கவில்லை. விழாவை வேறொரு காட்டுக்கு மாற்றச் சொன்னார்கள். செயலாளரான நான் மாற்றினேன். அக்காவிடம் சொல்லக்கூட இல்லை.

ஆனாலும் வந்துவிட்டார், மடி நிறையத் தன் கதிர்களோடு. மைக்கை வாங்கிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தோகையை உரித்துக் காட்டினார்.

“இதும் அதே வெதைதானுங்க. எனக்கு மட்டும் ஏன் பொக்காப் போச்சுன்னு சொல்லிப்போட்டு வித்துக்கங்க.”

நிறுவனத்து ஆள் என்னைப் பார்த்தார். நான் மைக்கை அணைத்தேன். அன்று அந்த விதையை வாங்கிப்போனவர்களில் பலருக்கு அடுத்த போகத்தில் மணியில்லாத பொக்குதான் விளைந்தது. ஒருவரும் என்னிடம் வந்து கேட்கவில்லை. அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது.

அதன்பிறகு விழா மண்டபத்துக்குள் போய்விட்டது. டிராக்டர் முன்னால் செல்ஃபி, திரையில் டிரோன், மதியம் பிரியாணி. காலில் மண் படாமல் வீடு திரும்பலாம். கெட்டுப்போன ஒரு செடியைக்கூடக் காட்டத் துணியாத விழா நின்றுபோவதே மேல். செயலாளராக இருந்துகொண்டே சொல்கிறேன்.

மைக்கை அணைத்த அந்த வாரமே மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். மோர் கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை காத்திருந்து சொன்னார்: “உங்க மேல கோவமில்லீங்க தம்பி. நாலு பேரு தெரிஞ்சுக்கட்டும்னுதான் காட்டத் தொறந்து உட்டேன். இனி வராதீங்க.”

அடுத்து அவரைப் பார்த்தது பாடையில்தான். அவர் சொன்ன மற்றவற்றை மன்றம் நாளை பலகையில் எழுதி மாட்டும். என்னிடம் இருப்பது அந்த ‘வராதீங்க’ மட்டுமே.