செம்மண்டலத்துக்குப் போன மின்ரம்பம்

மெல்பர்னில் முதன்முதலாக ஒரு மின்ரம்பத்தை வாடகைக்கு எடுக்கப் போனபோது, கடைக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். பார்த்துவிட்டு, “தாங்ஸ்” என்றார். நான் இன்னும் எதையும் கொடுக்கவில்லையே, எதற்கு நன்றி சொல்கிறார் என்று குழம்பினாலும், மரியாதைக்கு “யூ ஆர் வெல்கம்” என்றேன். அவர் தலையை ஆட்டி, “நோ, நோ. தாங்ஸ்” என்று விரலால் என் காலைக் காட்டினார். நான் இன்னும் பெரிதாகச் சிரித்து, “வெல்கம், வெல்கம்” என்றேன். வரிசையில் பின்னால் நின்ற பெண்தான் இரக்கப்பட்டு விளக்கினாள். ரப்பர் செருப்புக்கு இந்த நாட்டில் தாங்ஸ் என்று பெயராம். செருப்புக் காலோடு வருகிறவர்களுக்கு ரம்பம் கிடையாதாம். அறுக்கப்போவது வீட்டில்தானே, அங்கே போய் ஷூ போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். முடியாது என்றுவிட்டார். வீட்டுக்குப் போய் ஷூவை மாட்டிக்கொண்டு மறுபடி வந்தேன். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன், நல்ல கடலூர்த் தமிழில்.

அது 2008. நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் கொல்லையில் யாரோ எப்போதோ வெட்டிப்போட்ட செடியின் வேர்க்கட்டை ஒன்று இருந்தது. ஊராக இருந்தால் ஒருவரைக் கூப்பிட்டால் முடிந்தது. இங்கே எல்லாவற்றையும் நாமேதான் செய்ய வேண்டும். என் கணவருக்கு மிக்ஸி சத்தமே ஆகாது, அதனால் ரம்பம் என் பொறுப்பானது. ரெசிப்ரோகேட்டிங் சா என்று அதற்குப் பெயர். துப்பாக்கி போலப் பிடி, அதன் முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் பிளேடு, பின்னால் வால் போல வயர். பிளேடு முன்னும் பின்னும் குத்திக் குத்தி அறுக்கும். கடைக்காரர் அதை என் கையில் கொடுப்பதற்குள் ஒரு வகுப்பே நடத்தி முடித்தார். பிளேடு மாற்றும் முன் பிளக்கைப் பிடுங்கு. வயர் எப்போதும் உன் முதுகுப் பக்கம் இருக்கட்டும். இரண்டு கையாலும் பிடி. ஏணியில் நின்று அறுக்காதே. கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு மூடி. நிறுத்தினாலும் பிளேடு ஓடி அடங்கும்வரை கீழே வைக்காதே. “இதற்கும் ஒரு ஷூ இருக்கிறது” என்று பிளேடின் அடியில் இருந்த இரும்புத் தகட்டைக் காட்டினார். அதை மரத்தோடு அழுத்தி வைக்காவிட்டால் மரம் அறுபடாது, நான்தான் ஆடுவேன் என்றார். பள்ளிக்கூடத்தில்கூட என்னை யாரும் இத்தனை தடவை ‘புரிந்ததா’ என்று கேட்டதில்லை.

ஆனால் பழகிவிட்டது. பிறகு சொந்தமாகவே ஒன்று வாங்கிவிட்டேன். இந்த நாட்டில் என் சொந்தக் கொல்லையில் நிற்கும் மரத்தை வெட்ட கவுன்சிலைக் கேட்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் ஓடு என்று வாய்தவறிச் சொன்னால் முகமூடி போட்டவர்கள் வந்து தெருவையே மறித்துவிடுவார்கள். எரிச்சல்பட்டுக்கொண்டே எல்லாவற்றுக்கும் கட்டுப்பட்டேன். எரிச்சல்பட்டுக்கொண்டே அந்தக் கடைக்காரரைப் போலவே பேசவும் ஆரம்பித்துவிட்டேன். இப்படித்தான் நான் கெட்டுப்போனேன் என்பது என் அண்ணன் செந்திலின் கட்சி.

2011 முடியும் தறுவாயில் ‘தானே’ புயல் கடலூரைப் புரட்டிப்போட்டது. பொங்கலுக்கு ஊருக்குப் போக முன்பே டிக்கெட் எடுத்திருந்தேன். பல நாள் லைன் கிடைக்காமல், ஒருவழியாகக் கிடைத்தபோது அண்ணன் சொன்னது இதுதான். “எல்லாரும் நல்லாருக்கோம். கொல்லையில வேப்பமரம் சாஞ்சி சமையக்கட்டு மேல படுத்துடுச்சி. வெட்ட ஆளு கெடைக்கல. ஊர் பூரா மரம் கெடக்குது, யார கூப்புடுறது?” சமையலறையின் மேல் இருந்தது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். அது எந்த நேரம் விழுமோ என்று அண்ணி மாலா முன்னறையில் வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார். கொல்லைக் கதவைத் திறக்க முடியவில்லை, குளியலறை கொல்லைப் பக்கம். நான் புடவைகளை வெளியே எடுத்துவிட்டு, பெட்டியில் ரம்பத்தை வைத்தேன். மரம் அறுக்கும் நீள பிளேடுகள், நாலைந்து கண்ணாடிகள், நம்மூர் சாக்கெட்டுக்கு ஒரு அடாப்டர். சென்னை விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்தவர், “எதுக்கும்மா இது?” என்றார். “மரம் அறுக்க.” “நீங்களா?” “நான்தான்.” பெட்டியை மூடிக் கொடுத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடலூர் செம்மண்டலத்தில், எங்கள் வீட்டில் வந்து இறங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. ரம்பத்தைக் கொண்டுவந்தேன், மின்சாரம்? கம்பமெல்லாம் விழுந்து கிடந்தது. “ஏன், அத சேத்து கொண்டாரலியா?” என்று அண்ணன் சிரித்தான். அண்ணியின் தம்பி கதிர் சிதம்பரத்தில் கல்யாணங்களுக்கு மைக்செட்டும் ஜெனரேட்டரும் வாடகைக்கு விடுபவர். மறுநாள் காலையில் அவர் ‘குட்டி யானை’ என்கிற ஒரு சின்ன லாரியில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு வந்தார். வந்ததும் அதை முன்னறைக்குள் இறக்கினார். புகை உள்ளே நிற்கும், வெளியே வையுங்கள் என்றேன். “ஜன்னல் தொறந்துதான்க்கா இருக்கு” என்றார். அண்ணனும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தெருவாசலுக்குத் தள்ளினோம். பிறகு அடாப்டர் லொடலொடவென்று ஆடுகிறது என்று, பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு வயரை நேராகச் சொருகி, தீக்குச்சி வைத்து இறுக்கலாம் என்றார். “கல்யாண வீட்டுல எல்லாம் இப்பிடித்தான் குடுக்குறோம், ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவலியே” என்றார். நல்ல மனிதர். அக்கா வீட்டுக்காகக் கையிலிருந்த வேலையையெல்லாம் விட்டுவிட்டு ஓடி வந்தவர். பிளக்கை வெட்ட விடாமல் தடுத்தேனே தவிர, அவரைத் திட்ட முடியவில்லை.

கதிரின் நீள வயரைப் பக்கச் சந்து வழியாகக் கொல்லைக்கு இழுத்துவிட்டு, மரத்தைச் சுற்றி வந்து பார்த்தேன். விழாமல் தப்பிய எங்கள் தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் மின்கம்பி கிளைகளுக்குள் சிக்கிக் கிடந்தது. இதை எடுக்காமல் ரம்பத்தைத் தொடக் கூடாது என்றேன்.

“கரண்டே இல்ல, கலை. கம்பி செத்துப்போயி எத்தினி நாளாவுது” என்றான் அண்ணன்.

“திடீர்னு உட்டா?”

“உடட்டும்னுதானே எல்லாரும் காத்துக்கெடக்குறோம்!”

பக்கத்துத் தெருவில் மின்வாரிய ஆட்கள் கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள். நானே போய் ஒருவரிடம் கெஞ்சினேன். வெளியூரிலிருந்து வந்தவர், பாவம், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. “தைரியமா வெட்டுங்கம்மா, ஒண்ணும் இல்ல” என்றார். நான் நகரவில்லை. கடைசியில் தலையில் அடித்துக்கொண்டு கூட வந்தார். தெருமுனை திரும்பும்போதே எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. என் ரம்பத்தின் சத்தம்.

ஓடினேன். கதிர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, ரப்பர் செருப்போடு மரத்தின் மேல் குதிரை ஏறியது போல உட்கார்ந்து, ஒற்றைக் கையால் அறுத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி நெற்றியில் இருந்தது. வயர் அவர் தொடைக்கு அடியில் ஓடியது. ரம்பத்தின் ஷூ மரத்தில் படவே இல்லை, அவரும் ரம்பமும் சேர்ந்து உதறிக்கொண்டிருந்தார்கள். கீழே அண்ணன் செல்போனில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். வாசலுக்குத் திரும்பி ஓடிப் பிளக்கைப் பிடுங்கினேன்.

“என்னாக்கா நீ, இப்பதான் அறுபட ஆரம்பிச்சிது” என்றார் கதிர். அவர் முகம் சுருங்கிவிட்டது.

நான் கத்தினேன். வயரைக் காட்டி, செருப்பைக் காட்டி, கண்ணாடியைக் காட்டிக் கத்தினேன். பக்கத்து வீட்டு மதில்மேல் தலைகள் முளைத்தன. அண்ணன் போனைச் சட்டைப்பைக்குள் வைத்தான். அவன் கோபப்பட்டால் குரல் இறங்கிவிடும்.

“சுனாமி அன்னிக்கி தேவனாம்பட்டினத்துல வெறுங்கையால படகுப் பலகைய பேத்து எடுத்தோம். அடியில ஆளு இருந்திச்சி. கண்ணாடி வரட்டும், ஷூ வரட்டும்னு நின்னோமா?”

2004இல் நான் சிதம்பரத்தில் படித்துக்கொண்டிருந்தேன். கடலூருக்கு வந்து சேர்ந்தபோது அண்ணனின் இரண்டு உள்ளங்கையும் துணியால் சுற்றியிருந்தது. பாதத்தில் ஆணி ஏறிய இடம் ரொம்ப நாள் ஆறாமல் கிடந்தது. யாரை எடுத்தான், எப்படி எடுத்தான் என்று அவன் சொன்னதே இல்லை. அந்தக் கைகளுக்கு முன்னால் என் பிளாஸ்டிக் கண்ணாடி எனக்கே சின்னதாகத் தெரிந்தது. ஆனாலும் எரிச்சல் அடங்கவில்லை. “இங்க அடியில யாரும் இல்லண்ணா. மரம்தான் கெடக்கு. இதுக்கு ஏன் அவசரம்?” என்றேன்.

மின்வாரியத்துக்காரர் இதற்குள் கம்பத்தில் ஏறிக் கம்பியைக் கழற்றிவிட்டு, எங்கள் சண்டையைப் பார்த்தபடி கீழே நின்றார். “அந்தம்மாவே அறுக்கட்டும் உடுங்க, எனக்கு வேல கெடக்குது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நானே அறுத்தேன். துப்பட்டாவைக் கழற்றி வைத்தேன், தலைமுடியை இறுக்கி முடிந்தேன், வயரைத் தோளுக்குப் பின்னால் விட்டேன். தெருவே மதில்மேல் இருந்தது. “அந்தப் பக்கம் அறு”, “அது இல்லம்மா, பெருசு”, “வெளிநாட்டுல இதுதான் வேலையா ஒனக்கு?” என்று ஒரே நேரத்தில் எல்லோரும் சொன்னார்கள். நல்லவேளையாகக் காது மூடி இருந்தது. நுனியிலிருந்து சின்னக் கிளைகளைக் கழித்தேன். வளைந்து அழுந்திக் கிடந்த கிளைகளை உள்வளைவில் கொஞ்சம் அறுத்து, பிறகு வெளிப்பக்கம் திருப்பி அறுத்தேன், பிளேடைக் கவ்வாமல் இருக்க. ஷீட்டில் பிளேடு படாமல் பார்த்துக்கொண்டேன். கதிர் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி, அறுத்த கிளைகளை இழுத்துப் போட்டார். கோபம் தணிந்துவிட்டது. “சூப்பரா வருதுக்கா” என்றார். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

கடைசியில் அடிமரம் மட்டும் மிச்சம். வேரோடு பெயர்ந்ததால் வேர்ப்பகுதி ஈர மண்ணோடு ஒரு சுவர் போலச் செங்குத்தாக நின்றது. அதன் கீழே பெரிய குழி. குழிக்குள் தண்ணீர்க் குழாய் பிய்ந்து கிடந்தது. அதைப் பார்க்க அண்ணன் குழிக்குள் இறங்கினான். பிளேடுக்கு எட்டாத தூரம் என்று எனக்கு நிம்மதி. “அங்கயே நில்லுண்ணா, இந்தப் பக்கம் வராத” என்று நான்தான் சொன்னேன். அடிமரத்தின் ஒரு பக்கம் அறுத்தேன். மறுபக்கம் திரும்பினேன். அண்ணி உள்ளேயிருந்து, டீ ஆறிப்போகுது, தட்டை வந்து வாங்க ஆளில்லையா என்று சத்தம் போட்டிருக்கிறார். எனக்குக் கேட்கவில்லை. அண்ணன் ஏறிப் போனதையும் நான் பார்க்கவில்லை.

மரம் அறுந்தது. அறுந்த மறுகணம், இழுத்துப் பிடித்திருந்த மரத்தின் பாரம் போய்விட்ட அந்த வேர்ச்சுவர் தானாக எழுந்து, பின்னால் சாய்ந்து, தொம்மென்று குழிக்குள் உட்கார்ந்தது. நிலம் அதிர்ந்தது. வெட்டிய கட்டை, மரம் முளைத்த இடத்திலேயே நேராக நின்றது. குழி இல்லை. குழாயும் இல்லை.

பிளேடு ஓடி அடங்கும்வரை ரம்பத்தைக் கீழே வைக்கவில்லை. பழக்கதோஷம். பிறகுதான் “அண்ணா” என்று கத்தினேன். அவன் கொல்லைக் கதவருகே டீத்தட்டோடு நின்றுகொண்டிருந்தான். மெல்பர்ன் கடைக்காரர் எனக்குச் சொன்ன எதிலும் இந்த வேர் இல்லை. மதில்மேல் இருந்து ஆளுக்கொரு யோசனை சொன்னவர்களில் ஒருவரும் இதைச் சொல்லவில்லை. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணன் தட்டைக் கதிரிடம் கொடுத்தான். குழி இருந்த இடத்தைச் சுற்றி வந்து பார்த்தான். உள்ளே போனவன், கல்யாணத்தன்று போட்ட கறுப்பு ஷூவை மாட்டிக்கொண்டு வந்தான். லேஸ் ஒன்று இல்லை.

“குடு, மீதிய நான் அறுக்குறேன். எப்பிடி புடிக்கணும்னு சொல்லு” என்றான்.

அண்ணி சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றார்.

ரம்பத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். திரும்பி வந்த பிறகும் நான் மாறவில்லை. இங்கே கவுன்சில்காரர்கள் ஒரு கிளைக்கு மூன்று கேள்வி கேட்கும்போது கடலூரை நினைத்து எரிச்சல் வருகிறது. கடலூருக்குப் பேசும்போது மெல்பர்னை நினைத்து எரிச்சல் வருகிறது. போன சனிக்கிழமை அண்ணனோடு பேசிக்கொண்டிருந்தேன். சமையலறைக்கு ஷீட்டை எடுத்துவிட்டுத் தளம் போட்டுவிட்டதாகச் சொன்னான். பேச்சுக்கு நடுவே பின்னால் அந்தச் சத்தம். குத்திக் குத்தி அறுக்கும் அதே சத்தம்.

“யாரு கையில குடுத்திருக்க? கண்ணாடி போட்டிருக்காங்களா பாரு! கால்ல என்னா போட்டிருக்காங்க?” என்று கத்தினேன்.

“கலை, இங்க காலையிலேருந்து கரண்டே இல்ல. மிஷினு எங்க ஓடுது?” என்றான் அண்ணன்.

திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் திறந்திருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ மரம் அறுத்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். அதன் பிறகுதான் போனில் செம்மண்டலத்துக் காக்கை கரைவது கேட்டது.