அர்த்தம் சொல்ல வேண்டாம் என்றார்கள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஓணத்துக்கு முந்தைய வாரம். திருவனந்தபுரத்தில் ஸ்ரீவராகத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்து மலையாள சீரியல் ஒன்றைப் படமாக்கிக்கொண்டிருந்தார்கள். அங்கே எனக்குப் பிராம்ப்டர் வேலை. அதாவது, மொழி தெரியாமல் நடிக்க வருபவர்களுக்குக் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று வசனத்தை வரி வரியாகச் சொல்லிக்கொடுப்பது.

நாங்கள் ஆரியசாலையில் குடியேறிய தமிழ்க் குடும்பம். பள்ளியில் படித்தது மலையாளம் என்பதால் இரண்டும் எனக்கு ஒன்றுபோலத்தான். கதாநாயகிகள் பெரும்பாலும் பெங்களூரிலிருந்தோ மும்பையிலிருந்தோ வருவார்கள். எல்லோரும் நல்ல சிவப்பு. அவர்கள் காதல் வசனம் பேசும்போது உண்மையில் அதை முதலில் பேசுவது நான்தான். என் நிறத்துக்கு அந்தக் கேமராவின் இந்தப் பக்கம்தான் இடம் என்று நானே சிரித்துக்கொள்வேன்.

அந்த வாரம் வந்தவள் வேறு மாதிரி. தான்சானியாவிலிருந்து வந்து கார்யவட்டம் பல்கலைக்கழக வளாகத்தில் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்த பெண். வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பும் கதாநாயகன் தன் காதலியைக் கூட்டி வருகிறான் என்று கதை. அந்தக் காதலி இவள். மேக்கப்காரரிடம் அவள் நிறத்துக்குப் பொருந்தும் பவுண்டேஷனே இல்லை. அது தெரிந்துதானோ என்னவோ, அவளே பையில் கொண்டு வந்திருந்தாள். என்னை 'சேச்சி', அதாவது அக்கா, என்று கூப்பிட இரண்டாம் நாளே பழகிக்கொண்டாள்.

காதலி என்று பெயர்தான். கதையில் அவள் வந்ததே போவதற்குத்தான். நான்கைந்து எபிசோடில் அவளை அனுப்பிவிட்டு, சிவந்த முறைப்பெண்ணோடு கதாநாயகனைச் சேர்ப்பதாக ஏற்பாடு.

அன்று எடுக்க வேண்டிய காட்சி, அவன் அவளைத் தன் அம்மாவிடம் அறிமுகம் செய்வது. அம்மா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கரண்ட் போயால் இவளெ எங்ஙனெ கண்டுபிடிக்கும்?" என்று கேட்க வேண்டும். கரண்ட் போனால் இவளை எப்படித் தேடுவது என்று. அது புரியாமல் அவள் பல்லைக் காட்டிச் சிரித்து, "நன்னி அம்மே" என்று சொல்ல வேண்டும். அவளுக்குப் புரியவில்லை என்பதுதான் காமெடி.

வசனப் பேப்பரைக் கொடுக்கும்போது அசோசியேட் டைரக்டர் என்னிடம் மெதுவாக, "சேச்சி, அர்த்தம் ஒன்னும் பறையண்டா. அவள் சிரிச்சா மதி" என்றார். அர்த்தம் எதுவும் சொல்ல வேண்டாம், அவள் சிரித்தால் போதும் என்று.

ஒத்திகைக்கு முன் மாமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். அவள் என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டாள்: "சேச்சி, அம்மா என்ன சொல்கிறார்? தெரிந்தால்தானே எப்படிச் சிரிப்பது என்று எனக்குத் தெரியும்?"

அம்மா உன்னை ஆசீர்வாதம் செய்கிறார் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். ஆனால் சின்ன வயதில் கல்யாண வீடுகளில் என்னைப் பற்றியே இதே ஜோக்கை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். எனக்காவது அர்த்தம் தெரிந்திருந்தது. இவளிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் கொஞ்ச நேரம் காலணியின் நுனியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். பிறகு, "எங்கள் ஊரிலும் இந்த ஜோக் உண்டு. என் சொந்தச் சித்தியே என்னிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் அதற்கு நன்றி சொல்லும்படி யாரும் கேட்டதில்லை" என்றாள்.

அப்புறம் என் பக்கம் திரும்பி, ஒரு வரியை மலையாளத்தில் எப்படிச் சொல்வது என்று கேட்டாள். சொல்லிக்கொடுத்தேன். ஒத்திகையில் எழுதியிருந்ததை அப்படியே சொன்னாள்.

டேக் ஆரம்பித்தது. அம்மா வேடத்தில் நடித்தவர் நெடுங்கால அனுபவமுள்ள நடிகை. அந்த வசனத்தைச் சொன்னார். லைட் பிடித்திருந்தவர்கள் பக்கமிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். இப்போது நான் "நன்னி அம்மே" என்று எடுத்துக்கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை.

அவள் சிரிக்கவும் இல்லை. நேராக அவரைப் பார்த்துத் திக்கித் திக்கிச் சொன்னாள்: "கரண்ட் போயால் ஞான் அம்மேடெ கை பிடிக்கும்." சொல்லிவிட்டு உண்மையாகவே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மூத்த நடிகை அடுத்து சிரித்துக்கொண்டே அருகில் நிற்கும் முறைப்பெண் பக்கம் திரும்ப வேண்டும். அவர் திரும்பவில்லை. பிடித்திருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சன்னமான குரலில், "வா மோளே, அகத்தோட்டு வா" என்று அவளை வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார். அது எந்தப் பேப்பரிலும் இல்லாத வசனம்.

கட் சொல்ல மறந்த டைரக்டர், மானிட்டரை விட்டு எழுந்து வந்தார். "ஆரா இது படிப்பிச்சே?" இதைச் சொல்லிக்கொடுத்தது யார் என்று.

"ஞானா சாரே" என்றேன்.

அவர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். கதை எழுதுபவரிடம் பேசுகிறார் என்று தெரிந்தது. தம்பானூரில் ஒரு ஓட்டலில் சமையல் செய்யும் என் கணவரைக் கூப்பிட்டு, "வேலை போயிரும் போலிருக்குங்க" என்றேன். நான் எவ்வளவு கஷ்டப்பட்டு அந்த வேலைக்குள் நுழைந்தேன் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பெண்ணோ பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பழம்பொரி என்ற வாழைப்பழ பஜ்ஜியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என் டீ ஆறிக்கொண்டிருந்தது. உள்ளே மூத்த நடிகை அசோசியேட்டிடம், அந்த வசனத்தைச் சொல்லத் தனக்கு நாக்கு கூசியது, மறுபடியும் பழையபடி எடுப்பதென்றால் தன்னால் முடியாது என்று மலையாளத்தில் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

டைரக்டர் திரும்பி வந்தார். "ஒரு டேக் கூடி போகாம். இதே டயலாக். கை பிடிக்கும்போ குளோசப் வேணம்." இன்னொரு டேக் போகலாம், வசனம் இதேதான் என்றார். என்னைக் கடந்து போகும்போது நின்று, "சேச்சி, அடுத்த தவண என்னோடு சோதிச்சிட்டு மதி" என்றார். அடுத்த முறை என்னைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்று அர்த்தம். அடுத்த முறை என்று ஒன்று இருக்கிறது! அந்த ஒரு சொல்லில் எனக்கு உயிர் வந்தது.

கணவரை மறுபடி கூப்பிட்டேன். "வேலை போகலைங்க."

"போகலன்னா சந்தோசம்தானே? பொறவு ஏன் அழுதுட்டே பேசுதே?" என்றார்.

கதை முழுவதும் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கடைசியில் கதாநாயகன் முறைப்பெண்ணைத்தான் கட்டிக்கொண்டான். ஆனால் நான்கைந்து எபிசோடில் போக வேண்டியவள், பரீட்சை நெருங்கி அவளே விடைபெறும்வரை பல மாதம் அந்த வீட்டில் இருந்தாள். யாரும் அவளைக் கேலி செய்யும்படி ஒரு வசனம்கூட அதற்குப் பிறகு வரவில்லை. அவள் ஊர் திரும்பும் காட்சியில் மூத்த நடிகைக்கு அழக் கிளிசரின் தேவைப்படவில்லை.

பிறருக்கு வசனம் சொல்லிக்கொடுத்தே பழகிய எனக்கு, ஒரு நாளாவது உண்மையை என் சொந்தக் குரலில் சொல்ல முடிந்ததே என்று நினைக்கும்போதெல்லாம், இன்றும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்குகிறது.