வாசல் டியூப்லைட்

ஒத்திகை முடிந்ததும் ஒவ்வொரு விளக்கு ஸ்டாண்டையும் தட்டி, "வாரேன்டா, வாரேன்டா" என்று சொல்லிக்கொண்டே நடப்பார் பாண்டீஸ்வரி அக்கா. கேலி செய்தால் விடமாட்டார். "எழவு வீட்டுலதான்யா சொல்லாமக் கெளம்பணும். இதுக என்ன பாவம் பண்ணுச்சு?"

விளாங்குடியில் ரேடியோ செட், சீரியல் செட் வாடகைக்கு விடும் கடை அவருடையது. நாடகங்களுக்கு ஒளியமைப்பும் செய்வார். இந்த முறை நாகமலை புதுக்கோட்டையில் ஒரு மண்டபத்தில் பழைய கிரேக்கத் துயர நாடகம். அதில் கொலை மேடையில் நடக்காது. அரண்மனைக்குள் நடக்கும், கதவு திறந்து இளவரசனின் பிணம் வெளியே வரும். அந்தக் கதவுக்கு என்ன வெளிச்சம் என்பதில்தான் அக்கா மாட்டிக்கொண்டார். சிவப்பு போட்டார். "ஏ, திருவிழா மாதிரில்ல இருக்கு!" நீலம் போட்டார். "பேய்ப்படம்." நாடகத்துக்கு இரண்டே நாள்.

"அக்கா, நம்ம ஊர்ல எழவு வீட்ட எத வச்சுக் கண்டுபிடிப்பாக?" என்று இயக்குநர் சித்தார்த் யதார்த்தமாகத்தான் கேட்டார். அக்கா எழுந்து டீ குடிக்கப் போனார். தெருவில் கம்பு நட்டுக் கட்டிய டியூப்லைட்டை வைத்துத்தான். அது அவருக்குத் தெரியாதா என்ன?

டீ குடிக்கும்போது, விளக்கு வேலையில் கூடமாட உதவிய என்னிடம் சொன்னார். "எந்தம்பி அழகுபாண்டிதான் எங்க ஏரியால எந்த எழவுன்னாலும் லைட்டு கட்டுவான். அவன் பைக்குல அடிபட்டுச் செத்தன்னிக்குக் கட்ட ஆளில்ல. நாந்தான் கட்டுனேன். அப்பறம் டியூப்லைட்டத் தொட்டதே இல்ல." என் கையிலிருந்த டீ ஆறிப்போனது.

மறுநாள் ஒரு சவுக்குக் கம்பும் டியூப்லைட்டுமாக வந்து இறங்கினார். யாரையும் தொட விடவில்லை. கதவோரம் தானே கட்டி சுவிட்சைப் போட்டார். மினுக்கி மினுக்கி எரிந்தது. கதவு திறந்து பிணம் வந்தது. அரசியாக நடித்த ரோகிணி நின்றுகொண்டு பேச வேண்டிய இடம் அது. யாரும் சொல்லாமலே தரையில் உட்கார்ந்து கூந்தலை அவிழ்த்துவிட்டார்.

"இம்புட்டுத்தான்," என்றார் அக்கா.

ஒத்திகை முடிந்தது. மற்ற விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார். எதையும் தட்டவில்லை. டியூப்லைட்டுக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போனார்.