முள்ளியவளைப் பாண்டும் பிளாஸ்ரிக் தோலும்

பாண்ட் அடிக்கிறவனுக்கு ஊரில் எந்த விசேஷமென்றாலும் முதல் அழைப்பும் கடைசிப் பந்தியும் என்பது எழுதாத சட்டம். ட்ரம் வாரில் தோள் உரிந்தவர்களும், "பிரதம விருந்தினர் இந்தா வருகிறார்" என்ற சொல்லை நம்பி உச்சி வெயிலில் நின்றவர்களும் இதை வாசித்தால், என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே சாதி நோயாளிகள்.

அறுபதுகளின் நடுவில் எங்கள் முள்ளியவளை வாசிகசாலைப் பாண்டில் நான் சின்ன ட்ரம் அடித்தேன். பாண்டைத் தொடங்கியவர்களில் பெரிய ட்ரம் அடிக்கும் கனகண்ணை மட்டும்தான் மிச்சம். மற்ற எல்லாரும் என்னைப் போல அப்போதுதான் மீசையைத் தடவிப் பார்க்கத் தொடங்கியவர்கள். ஒவ்வொரு தை மாதமும் முல்லைத்தீவு மைதானத்தில் பாண்ட் போட்டி நடக்கும். கனகண்ணையின் ஆட்கள் அடித்த காலத்தில் கோப்பை வருடா வருடம் எங்கள் வாசிகசாலை அலுமாரிக்குத்தான் வரும். நாங்கள் சேர்ந்த பிறகு அந்தத் தட்டில் பழைய பத்திரிகைகள் குடியேறிவிட்டன. கடைசியில் வாசிகசாலைத் தலைவர் எங்களைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்: "இந்த முறையும் வெறுங்கையோட வந்தியளெண்டால் ட்ரம் முழுக்கப் பள்ளிக்கூடத்துக்குக் குடுத்திடுவம். பிள்ளையளெண்டாலும் ஒழுங்கா அடிக்கட்டும்."

குளக்கட்டுப் பயிற்சி

அன்று பின்னேரமே குளக்கட்டில் பயிற்சி தொடங்கியது. தொடங்கிய சூட்டிலேயே சண்டையும் தொடங்கியது. கனகண்ணையின் அடி, சுவாமி வீதி வலம் வருகிற நிதானம். நாங்களோ பட்டாளத்து நடை வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றோம். அவர் ஒரு சுற்று அடித்துக் காட்டினார், நாங்கள் ஒரு சுற்று அடித்துக் காட்டினோம். இரண்டையும் கேட்டுக்கொண்டு பக்கத்தில் எருமைகளை மேய விட்டிருந்தா செல்லம்மாக்கா.

நாங்கள் வாய்த்தர்க்கத்தில் இருக்கும்போது அவா கம்பும் கையுமாக மேலே ஏறி வந்தா. ஏச்சு விழப்போகிறது என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவா இரண்டு பக்கத்தையும் ஆறுதலாகப் பார்த்துவிட்டுச் சொன்னா: "கனகண்ணை அடிச்சால் மாடு நிண்டு மேயுது. நீங்கள் அடிச்சால் வீட்டை ஓடுது. எனக்குக் காலமை அவரின்ரையும் பின்னேரம் உங்கடையும் அடிச்சுத் தாங்கோ."

மரத்தில் அடி

கனகண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்த சிரிப்பில் வேக நடைக்குச் சம்மதமும் தந்துவிட்டார். எங்களுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இடம் கொடுத்ததும் மடம் பிடுங்கப் பார்த்தோம். ட்ரம்மின் விளிம்பு மரத்தில் தடியால் "டக் டக்" என்று தட்டுவது அப்போது புதுப் பாணி. றேடியோவில் கேட்டுவிட்டு இரகசியமாகப் பழகி வைத்திருந்தோம்.

அடுத்த நாள் நடையின் நடுவே அதை அவிழ்த்துவிட்டோம். கனகண்ணை அடியை நிறுத்தினார். பெரிய ட்ரம் நின்றால் பாண்டே நின்றுவிடும். ஆளுக்கு ஒரு கால் தூக்கியபடி நின்றோம். அவர் கத்தவில்லை. பெரிய தடியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என்னிடம்தான் வந்தார்: "தம்பி, தோலில அடிக்கிறவன் ட்ரம்காரன், மரத்தில அடிக்கிறவன் தச்சன். நீ ஆரெண்டு முடிவெடுத்துப்போட்டு நாளைக்கு வா."

நீளக் களிசான்

மரத்தில் தட்டுவதை விட்டுக்கொடுத்தோம், ஆனால் உடுப்பில் நாங்கள் விடவில்லை. பழைய ஆட்கள் வேட்டியும் சால்வையுமாய்ப் போட்டிக்குப் போனவர்கள். வேக நடைக்கு வேட்டி அவிழும் என்ற ஒரே நியாயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி, கனகண்ணையை முல்லைத்தீவில் தையல்கடை வைத்திருந்த ஹமீது நானாவிடம் இழுத்துக்கொண்டு போனோம். பிறந்ததற்கு அவர் நீளக் களிசான், அதுதான் முழுக்காற்சட்டை, போட்டதில்லை.

தைத்த களிசானைப் போட்டுக்கொண்டு திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். முழங்காலை மடக்குவதா விடுவதா என்று தெரியாமல், வேலிக்கு நட்ட கதியாலாக நின்றார். நாங்கள் சிரிப்பை அடக்கக் கூரையைப் பார்த்தோம். "நானா, இதோட கதிரையில இருக்கேலுமோ?" என்று கடை நாற்காலியைப் பார்த்தபடி கேட்டார். ஹமீது நானா வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டு, "நீங்க நடக்கிறதுக்கெண்டுதான் சொன்னீங்க, நான் நடக்கத்தான் தைச்சனான்" என்றார்.

கொழும்புத் தோல்

ஆட்டுத்தோல் ட்ரம்மின் குணம் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஈரம் பட்டால் தோல் தளர்ந்து சத்தம் செத்துவிடும். தென்னோலையைக் கொளுத்தி அந்தச் சூட்டில் காட்டினால் மறுபடி இறுகும். தை மாத மழையில் போட்டிக்குப் போகிற பாண்டெல்லாம் ட்ரம்மோடு ஓலைக்கட்டும் கொண்டுபோகும்.

அந்த வருடம் கொழும்பில் வேலை பார்த்த என் மச்சான் பிளாஸ்ரிக் தோல் வாங்கி அனுப்பினான். மழைக்கும் தளராது, சூடும் காட்டத் தேவையில்லை. வெள்ளை வெளேரென்ற அந்தத் தோலைப் பார்த்து எங்களுக்கு நித்திரை போய்விட்டது. சின்ன ட்ரம் எல்லாவற்றுக்கும் போதுமாக வந்தது. பெரிய ட்ரம்முக்கு ஒன்றுதான். "ஒரு பக்கத்துக்குப் போடுங்கோ, மற்றப் பக்கம் ஆட்டுத்தோல் இருக்கட்டும்" என்று கனகண்ணை அரைமனதோடு விட்டுக்கொடுத்தார். பூட்டி முடிந்ததும் குனிந்து மூக்கை வைத்து மணந்து பார்த்து, விரலால் சுண்டியும் பார்த்தார். "நெருப்பும் கேக்காது, வெயிலும் கேக்காது. பசியெண்டு அழாத பிள்ளையை என்னெண்டடா வளர்க்கிறது?" என்றார்.

ஓலை நெருப்பு

போட்டியன்று காலையிலிருந்தே தூறல். மைதான ஓரத்தில் பாண்டுகள் வரிசையாக ஓலை கொளுத்தி ட்ரம்மைச் சூடு காட்டிக்கொண்டிருந்தன. நாங்கள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, உலகத்தை வென்றவர்கள் மாதிரி நின்றோம். கடைசியாக அடிக்கிற முறை எங்களுடையது. பெயர் கூப்பிடக் கொஞ்ச நேரம் இருக்கும்போது, ஏதோ கருகும் நாற்றம் வந்தது.

திரும்பிப் பார்த்தேன். பக்கத்துப் பாண்டின் நெருப்புக்கு முன்னால் கனகண்ணை குந்தியிருந்தார். கையில் எங்கள் பெரிய ட்ரம். புத்தம் புதிய வெள்ளைத் தோல் அப்பளமாய்ச் சுருண்டு, நடுவில் கைபோகிற ஓட்டை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எங்கள் ட்ரம்மைத் தூக்கிக்கொண்டு போவது கண் முன்னால் தெரிந்தது. "என்னண்ணை செய்தனீங்கள்?" என்று கேட்டேன். ஓட்டையைப் பார்த்தபடியே சொன்னார்: "எல்லாரும் சூடு காட்டேக்க நான் மட்டும் சும்மா நிண்டால், ட்ரம் என்னைப் பற்றி என்னடா நினைக்கும்?"

மைதானத்தில்

பேச நேரமில்லை. எங்கள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். வாரை மாற்றிக் கட்டி, நெருப்புச் சூட்டில் இறுகியிருந்த ஆட்டுத்தோல் பக்கத்தை அவருடைய வலக்கைக்குத் திருப்பி விட்டோம். முதல் சுற்று அபாரம். சின்ன ட்ரம்களின் பிளாஸ்ரிக் படபடக்க, அடியில் ஆட்டுத்தோல் "தொம்" என்று விழ, எனக்கு மயிர் கூச்செறிந்தது. இரண்டாம் சுற்றில் மழை கொட்டியது. சனம் ஓடியது, நடுவர்கள் தகரக் கொட்டகைக்குள் ஒதுங்கினார்கள். எங்கள் சின்ன ட்ரம்களுக்கு மழை ஒரு பொருட்டே இல்லை. ஆனால் பெரிய ட்ரம்மின் "தொம்" நனைந்த சாக்கில் அடித்த மாதிரித் தேய்ந்து, இல்லாமலே போனது. அந்த அடி இல்லாவிட்டால் காலுக்குக் கணக்கில்லை. முன் வரிசை குலையத் தொடங்கியதை என் கண்ணாலேயே கண்டேன்.

அப்போதுதான் பின்னால் "டக்" என்று ஒரு அடி விழுந்தது. கனகண்ணை தடியைத் திருப்பிப் பிடித்து, பெரிய ட்ரம்மின் மரத்தில் அடித்துக்கொண்டிருந்தார். ஒருவரும் ஒருவருக்கும் சொல்லவில்லை. எல்லாத் தடியும் ஒரே நேரத்தில் விளிம்புக்கு இறங்கியது. அவர் மரத்தில் ஒன்று கேட்க, நாங்கள் மரத்தில் ஒன்று சொல்ல, பிறகு பிளாஸ்ரிக்குக்குத் தாவ, கால்கள் எல்லாம் ஒரே காலாய் மழைத்தண்ணீரை மிதித்தன. நடுவர்கள் கொட்டகையை விட்டு வெளியே வந்து, நனைந்தபடி நின்று பார்த்தார்கள். ஓடிய சனம் திரும்பி வந்தது. என் வாழ்நாளில் அப்படியொரு சந்தோஷத்தை அதற்குமுன் நான் அனுபவித்ததில்லை.

கோப்பை எங்களுக்குத்தான். வாசிகசாலைத் தலைவர் தன் குடையை எறிந்துவிட்டு ஓடிவந்து கனகண்ணையைக் கட்டிப்பிடித்தார். கனகண்ணை கோப்பையை என் கையில் தள்ளிவிட்டு, ஓட்டை விழுந்த தோலைத் தடவியபடி சொன்னார்: "தம்பி, மச்சானுக்குச் சொல்லி இன்னும் ரண்டு எடுப்பி. அடுத்த முறை ரண்டு பக்கமும் போடுவம், நெருப்புக் கிட்டப் போனால் என்னைப் பிடிச்சுக் கட்டு."

பாண்டில் தலைமுறை மாறுவது என்றால், பெரியவர் புதியதைக் கருக்க, சின்னவர்கள் பழையதைக் கட்டிக்கொண்டு மைதானத்துக்குள் இறங்கி, இரண்டு பேரும் சேர்ந்து நனைந்து வருவதுதான்.